கடல் மேல போயி ஐஸ் மீனு

ஆபீஸ்ல என்னோட ஆணி புடுங்குற நாலு பேரு சிங்கப்பூர்ல சொகுசுக் கப்பல் ஏறிட்டு வந்து ஒரே புலம்பல். "லாப்ஸ்டர்னு சொன்னானுக, ரப்பர் மாதிரி இருந்துச்சு மச்சி!"

எனக்குச் சமையல்காரர் மேல கோவமே இல்லை. கொஞ்சம் யோசிங்க மக்கா, கப்பல் என்ன வலை போட்டுக்கிட்டா போகுது? ஆயிரக்கணக்கான பேருக்கு வேண்டிய மீனு, இறாலு எல்லாம் துறைமுகத்துல ஏத்தி ஃப்ரீசர்ல அடுக்குறதுதான். பச்சையா பரிமாறுற மீனைக்கூட, புழு சாகணும்னு மைனஸ் 20 டிகிரியில 7 நாள் வைக்கச் சொல்லுது அமெரிக்க உணவு விதி. இதுல 'இப்பத்தான் புடிச்சது'ங்கிற பேச்சுக்கே இடமில்லை. பல கப்பல்கள்ல லாப்ஸ்டருக்குத் தனிக் காசு வேற.

எங்க ஊரு கோவில்பட்டி, கரிசக்காடு. கடல் கண்ணுல படாது. ஆனா தூத்துக்குடி சுமார் 60 கிலோமீட்டர்தான். விடியக்காலம் அங்க கரையேறுன சாளை, மத்தியானம் எங்கம்மா சட்டியில கொதிக்கும். அதே கடல்ல புடிக்கிற சிங்கி இறாலு மட்டும் எங்களுக்குக் காட்டாமலே வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆயிடும். அதைத் தின்னத்தான் நம்மாளு மாசச் சம்பளத்தைக் கட்டிக் கப்பல் ஏறுறான். (லாப்ஸ்டர்தான் லாப்ஸ்டர்னு குதிக்கிறீங்களே, 18-ம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்துல அது ஏழைங்க தீனி. வயலுக்கு உரமாவும் போட்டிருக்காங்க. :-))

கேக்கு, ரொட்டியெல்லாம் கப்பல்லயே சுடச்சுட போடுறான், அதுல குறை சொல்ல மாட்டேன். கடுப்பெல்லாம் அந்த விளம்பரப் படம் மேலதான். செக்கச்செவேர்னு லாப்ஸ்டரைக் காட்டுறான்ல, அதுக்குக் கீழயே 'உறைய வச்சது, தனிக் காசு'ன்னு கொட்டை எழுத்துல போடட்டும். அதுக்கப்புறமும் ஏறுறவன் ஏறட்டும்.