பார்த்து வரைந்தால் என்ன தப்பு?



போன ஞாயிற்றுக்கிழமை சீயமங்கலம் போய்வந்தேன். செஞ்சியிலிருந்து வந்தவாசி பக்கம், தேசூருக்கு அருகில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து செய்வித்த சிவன் கோயில் அது. தூணாண்டார் என்பது சுவாமியின் பெயர்.

அங்கே போனாலே எனக்கு ஒரு குற்ற உணர்வு. பல வருடங்களுக்கு முன்பு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், அந்தக் குகைத் தூணில் இருக்கும் நடராசரை நோட்டில் வரைந்துகொண்டு வந்து காட்டினான். "பார்த்து வரைஞ்சதுதானே? சொந்தமா யோசிச்சு ஏதாவது வரைடா" என்றேன். அதற்குப் பிறகு அவன் எதையும் என்னிடம் கொண்டுவரவில்லை.

கற்பனை என்றால் மனசுக்குள்ளிருந்து தானாக ஊறிவர வேண்டும் என்று அன்று நம்பினேன். இன்று நம்பவில்லை.

அதே மகேந்திரவர்மன் செய்வித்த இன்னொரு குகைக்கோயில், செஞ்சி வட்டாரத்து மண்டகப்பட்டில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதைச் செய்வித்தேன் என்று கல்வெட்டிலேயே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். விசித்திரசித்தன் என்பது அவன் பட்டப்பெயர்களில் ஒன்று. புதுமை விரும்பி!

ஆனால் அவன் காலத்துத் தூண்களைக் கவனித்துப் பாருங்கள். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, உச்சியில் உத்தரத்தைத் தாங்கப் போதிகை. ஒரே பாறையில் குடைந்த கூரைக்குப் போதிகை எதற்கு? அது மரவீடு கட்டும் தச்சருக்குத் தேவையானது. மரமே வேண்டாம் என்ற அரசனுடைய சிற்பி, மரத்தூணைப் பார்த்துத்தான் கல்லில் வெட்டியிருக்கிறான். பார்த்துச் செய்ததிலிருந்துதான் புதுசு பிறந்தது.

சீயமங்கலத்து நடராசரும் அப்படித்தான். தமிழ்நாட்டுக் கற்சிற்பங்களில் மிகப் பழைய ஆடவல்லான்களில் ஒன்று. சின்ன உருவம், திருவாசி கிடையாது. அங்கிருந்து சோழர் காலச் செப்புத் திருமேனி வரை வர ஏறக்குறைய முந்நூறு ஆண்டு ஆனது. ஒவ்வொரு தலைமுறையும் முன்னோர் செய்ததைப் பார்த்துச் செய்து, கொஞ்சம் மாற்றியது.

ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகள் பார்த்து வரைந்து வந்தால், "இதில் எது உனக்குப் பிடிச்சுது?" என்று கேளுங்கள். அது போதும்.

அந்தப் பையன் இதைப் படித்தால்: தம்பி, தப்பு என்னுடையது. நானும் இப்போது ஒரு நோட்டு வாங்கி, அந்தத் தூணைப் பார்த்துத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். உன் அளவுக்கு இன்னும் வரவில்லை.