உள்ளங்காலில் ஒரு பெயர்

பழைய ஜப்பானிய வினைல் பொம்மைகளைச் சேகரிப்பவர்களின் உலகில் ஒரு விசித்திரமான விதி உண்டு. 1966ல் வார்க்கப்பட்ட ஓர் அரக்கப் பொம்மை, அதன் பாலிதீன் உறையும் உறையின் தலைப்பில் பின்னடித்த அச்சு அட்டையும் கலையாமல் கிடைத்துவிட்டால் அதற்கு உச்ச விலை. உறை பிரிக்கப்பட்டிருந்தால் விலை இறங்கும். சாயம் உரிந்திருந்தால் இன்னும் இறங்கும். உள்ளங்காலில் யாரோ ஒரு சிறுவன் தன் பெயரை மையால் எழுதிவைத்திருந்தால், விற்பனைக் குறிப்பில் அது ஒரு குறையாகவே பதிவாகும். அதாவது, எந்தக் குழந்தையும் தொடாத பொம்மையே மிகச் சிறந்த பொம்மை. இந்த விதி தலைகீழானது என்று நான் நினைக்கிறேன். சேகரிப்பையே பழிப்பது என் நோக்கமில்லை. சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் இந்தப் பொம்மைகளைப் பற்றிப் பேச நமக்கு எதுவுமே மிஞ்சியிருக்காது. ஆனால் எதைச் சேகரிக்கிறோம் என்ற கேள்வியைச் சந்தையிடம் ஒப்படைத்துவிட்டால், மிஞ்சியதும் மெல்ல அர்த்தமிழந்துவிடும்.

இப்பின்னணியை அறியாத வாசகர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது, அதன் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் பொழிந்தது. படகில் வானொலி இயக்குநராக இருந்தவர் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் தோஹோ நிறுவனத்தின் ‘கோஜிரா’ திரைக்கு வந்தது. இஷிரோ ஹோண்டா இயக்கிய அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளை அமைத்தவர் எய்ஜி சுபுராயா. உலகம் அந்த உயிரினத்தைக் காட்ஸில்லா என்று அறிந்துகொண்டது. குண்டுச் சோதனை எழுப்பிவிட்ட ஒரு தொல்விலங்கு தோக்கியோவை எரிக்கிறது. தலைநகர் தீக்குண்டுகளில் வெந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அரங்கில் இருந்தவர்களுக்கு அந்தத் தீ கற்பனையாகத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நிலைமை வேறு. 1966 ஜனவரியில் சுபுராயாவின் நிறுவனம் தயாரித்த ‘அல்ட்ரா க்யூ’ தொலைக்காட்சியில் தொடங்கியது. ஜூலையில் ‘அல்ட்ராமேன்’ வந்தது. வாரந்தோறும் ஒரு புதிய அரக்கன் நேராக வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிட்டான். ஜப்பானியர் ‘கைஜூ’ என்று அழைக்கும் இந்த அரக்கர்களின் மேல் குழந்தைகள் பித்துக்கொண்டார்கள். அதே ஆண்டில் தோக்கியோவின் மாருசான் நிறுவனம் இவற்றை மென்மையான வினைலில் வார்த்து விற்கத் தொடங்கியது. ‘ஸோஃபுபி’ என்று இன்று உலகெங்கும் வழங்கும் பொம்மை வகை பெரும் மோகமாக மாறியது அப்போதுதான்.

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தை நாம் போதிய அளவு யோசித்ததில்லை என்று தோன்றுகிறது. ஒரு தேசத்தின் ஆகப்பெரிய அச்சம், வயிறு உருண்டு, விழி பெருத்து, ஒரு குழந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தூங்கத்தக்க பண்டமாகிவிட்டது. ஜப்பானியப் பொம்மைத் தொழிலில் இது முதல்முறையும் அல்ல. போர் முடிந்த 1945லேயே, ஓட்ஸு நகரில் ஒரு கைவினைஞர் ஆக்கிரமிப்புப் படையினர் வீசியெறிந்த தகர டப்பாக்களை வெட்டி அவர்களுடைய ஜீப் வண்டியையே பொம்மையாகச் செய்து விற்றார். வென்றவனின் வாகனம் தோற்றவனின் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருளானது. அச்சத்தைச் சிறிதாக்கிக் கைக்குள் வைத்துக்கொள்வது மனிதன் கண்ட பழைய வித்தைகளில் ஒன்று. நம் சிறுதெய்வங்களின் கோரைப்பற்களை அறிந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, பொம்மை செய்யப்படும் விதம். சிற்பி முதலில் களிமண்ணில் உருவத்தைப் பிடிப்பார். அதிலிருந்து மெழுகில் ஒரு பிரதி எடுக்கப்படும். மெழுகின் மேல் மின்முலாம் முறையில் தடிமனாகச் செம்பு படியவைத்து, பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றினால் அச்சு தயார். கூழ் நிலையில் உள்ள பிவிசியை அச்சுக்குள் ஊற்றிச் சூடான எண்ணெயில் இறக்குவார்கள். அச்சின் சுவரை ஒட்டிய பகுதி மட்டும் இறுகும். நடுவில் இருப்பதைத் திரும்ப ஊற்றிவிட்டு, மறுபடியும் சூடாக்கி, இளகிய சூட்டிலேயே அச்சின் குறுகிய வாய் வழியாக இடுக்கியால் பிடித்து உருவத்தை உருவியெடுப்பார்கள். பின்னர் தலை, உடல், கை, கால் எனத் தனித்தனியாக வார்த்தவற்றைப் பொருத்தி, தெளிப்பானால் சாயம் ஏற்றுவார்கள். வீடுகளுக்கும் பிரித்துத் தரப்பட்டு, பல கைகள் கூடிச் செய்த வேலை இது. தோக்கியோவின் கிழக்கோரத்தில் உள்ள கட்சுஷிகா வட்டாரத்துச் சிறு பட்டறைகள் இதற்குப் பெயர் பெற்றவை. தொழிற்சாலைப் பண்டம் என்று நாம் எண்ணும் ஒன்றில் இத்தனை கைவேலை இருக்கிறது. ஒரே அச்சில் பிறந்த இரு பொம்மைகளின் முகங்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

நிறங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘அல்ட்ரா க்யூ’ கறுப்பு வெள்ளைத் தொடர். ‘அல்ட்ராமேன்’ வண்ணத்தில் எடுக்கப்பட்டது என்றாலும் 1966ல் மிகப் பெரும்பாலான ஜப்பானிய வீடுகளில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே. திரையில் பார்த்த அரக்கனின் நிறம் இன்னது என்று குழந்தைக்கு நிச்சயமில்லை. பொம்மை செய்தவர்களும் திரைக்குக் கட்டுப்பட்டு நின்றுவிடவில்லை. பச்சை வினைலின் மேல் வெள்ளியும், நீலத்தின் மேல் இளஞ்சிவப்பும் ஏற்றினார்கள். மாருசானின் பொம்மைகள் இன்று கலைப்பொருள்களாகத் தோன்றுவதற்கு இந்தச் சுதந்திரம் முக்கியமான காரணம். சாயம் ஏற்றியவர் செய்தது நகலெடுப்பு என்பதைவிட ஒருவகை உரையெழுதுதல் எனலாம்.

மாருசான் 1968ல் நொடித்துப்போனது. அரக்கர் மோகம் அதற்குள் வடிந்துவிட்டிருந்தது. அங்கே பணியாற்றியவர்கள் 1969ல் புல்மார்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மாருசானின் பழைய அச்சுகள் பலவற்றைக் கொண்டே புதிய பொம்மைகளை வார்த்தார்கள். 1971ல் ‘திரும்பி வந்த அல்ட்ராமேன்’, ‘கமென் ரைடர்’ ஆகிய தொடர்களோடு இரண்டாவது அலை எழுந்தது. பிறகு குழந்தைகளின் கவனம் கனத்த உலோக ரோபோக்களின் பக்கம் திரும்ப, 1977ல் புல்மார்க்கும் வீழ்ந்தது. 1983 முதல் பண்டாய் நிறுவனம் அல்ட்ரா அரக்கர்களை வினைலில் தொடர்ந்து வெளியிடத் தொடங்கியது. அது வேறொரு யுகம்.

ஆக, ஒரே அச்சு, இரண்டு நிறுவனங்கள், எண்ணற்ற நிற வேறுபாடுகள். இவற்றில் எது முந்தியது, எது பிந்தியது? உள்ளங்காலில் உள்ள முத்திரை என்ன சொல்கிறது? வினைலின் நிறம் எந்த வார்ப்பைக் காட்டுகிறது? இக்கேள்விகளோடு இரவெல்லாம் பொம்மைகளைப் புரட்டிப் பார்த்த சேகரிப்பாளர்கள் செய்த வேலையை, தமிழ் படித்த என்னைப் போன்ற ஒருவனால் பாடபேத ஆய்வு என்றுதான் சொல்ல முடிகிறது. ஏடுகளை ஒப்பிட்டு மூலத்தை நெருங்க முயலும் பதிப்பாசிரியரின் பொறுமை அவர்களுக்கு இருந்தது. எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களிடம் இதைக் கேட்கவில்லை. மலிவு வினைலை அன்று யாரும் பண்பாடு என்று கருதவும் இல்லை. குழந்தை வளர்ந்ததும் வீட்டார் குப்பையில் போட்ட பொருள் அது. 1966ல் சிறுவர்களாக இருந்தவர்கள் வளர்ந்து, சம்பாதித்து, பழைய பொம்மைக் கடைகளின் விற்காத சரக்கைத் தேடித் திரிந்ததால்தான் இந்த வரலாறு பிழைத்தது. தோக்கியோவின் நகானோ பிராட்வே வளாகம் இன்று இவர்களின் புண்ணியத் தலம் போலாகிவிட்டது. அந்த வளாகம் திறக்கப்பட்டதும் அதே 1966ல் என்பது ஒரு சுவையான தற்செயல்.

இதுவரை சேகரிப்பாளர் என் மதிப்புக்குரியவர். சிக்கல் இதற்குப் பின்தான் தொடங்குகிறது.

‘அல்ட்ரா க்யூ’வில் கானெகோன் என்றொரு அரக்கன் வருவான். காசின்மேல் பேராசை கொண்ட ஒரு சிறுவன், உள்ளே நாணயங்கள் குலுங்கும் ஒரு கூட்டுக்குள் இழுக்கப்பட்டு அரக்கனாகிறான். அவன் தலை ஜப்பானியச் சில்லறைப் பையின் வடிவம். வாய்க்குப் பதில் பையின் வாய்ப்பூட்டு. அவன் தொடர்ந்து நாணயங்களைத் தின்றாக வேண்டும். நிறுத்தினால் உயிர் போய்விடும். முடிவில் சிறுவன் மனித உருவம் பெற்று வீடு திரும்பும்போது அவனுடைய பெற்றோர் கானெகோன்களாக மாறியிருக்கிறார்கள். வளர்ச்சியின் வேகத்தில் திளைத்த அறுபதுகளின் ஜப்பானை இதைவிடக் கூர்மையாகப் பகடி செய்வது கடினம். மாருசான் வார்த்த அந்தக் கானெகோன் இன்று பெரும் பணம் கொடுத்து வாங்கப்படும் பொம்மைகளில் ஒன்று. வாங்குபவர்கள் சிரித்துக்கொண்டே வாங்குகிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

காசு மட்டுமே அளவுகோலாகும்போது என்ன நடக்கிறது? பொம்மையின் வரலாறு உறைக்கு முன், உறைக்குப் பின் என்று பிளவுபடுகிறது. பட்டறையில் நடந்தது வரலாறு, வீட்டில் நடந்தது சேதம் என்றாகிறது. உள்ளங்காலின் பெயரைக் கரைப்பான் தொட்டுத் துடைத்துவிடலாம் என்ற ஆசை எழுகிறது. உரிந்த சாயத்தைப் புதிதாக ஏற்றி மறைக்கலாம் என்றும் தோன்றுகிறது. ஏட்டுச்சுவடியின் இறுதியில், இன்னார் மகன் இன்னான் இன்ன நாளில் எழுதி முடித்தான் என்று ஒரு குறிப்பு இருப்பதுண்டு. மூலநூலுக்கு அது புறம்பானது. ஆனால் அந்தச் சுவடி ஒரு காலத்தில் ஒரு மனிதனுக்குத் தேவைப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அதைச் சுரண்டியெடுக்க எந்த அறிஞரும் துணியமாட்டார். குழந்தையின் கையெழுத்துக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை? தெருவில் மற்ற பிள்ளைகளின் பொம்மைகளோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட பெயர் அது. அந்தப் பொம்மை தெருவுக்குப் போனது, சண்டையிட்டது, வீடு திரும்பியது என்று அது சொல்கிறது. கடித்த காதும் தேய்ந்த மூக்கும் அந்தக் கதையின் மிச்ச வரிகள்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. உறை கலையாத பிரதி இல்லாவிட்டால் மூல நிறம் என்ன, அட்டையில் என்ன அச்சிட்டிருந்தார்கள், எந்த நிறுவனத்தின் எந்த வெளியீடு என்பதை எப்படி அறிவது? ஒப்புக்கொள்கிறேன். ஒப்புநோக்க ஒரு தூய பிரதி தேவை. அத்தகைய பிரதிகளைக் காத்தவர்கள் நன்றிக்குரியவர்கள். ஆனால் தூய பிரதியின் பயன், மற்ற பிரதிகளைப் படிக்க உதவுவதில் இருக்கிறது. அது மற்றவற்றைத் தரம் தாழ்த்தும் அளவுகோலாக மாறும்போது, அகராதியை வைத்துக்கொண்டு காவியங்களை எறிந்துவிடும் காரியமாகிவிடுகிறது. மேலும், தூய பிரதி என்பதே தற்காலிகமானது. பிவிசியை மென்மையாக்கும் சேர்மம் காலப்போக்கில் மேலே கசிந்து பிசுபிசுக்கும். வெயிலில் நிறம் வெளிறும். வெப்பத்தில் உடல் கோணும். வினைலுக்கும் மூப்பு உண்டு.

அவசரமாகச் சேகரிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அல்ட்ராமேனையும் அத்தொடரின் அரக்கர்கள் பலரையும் வடிவமைத்தவர் தோரு நரிதா என்ற சிற்பி. இருக்கும் விலங்கை வெறுமனே பெரிதாக்குவதில்லை, உடலைச் சிதைத்தும் குருதி வடியவிட்டும் அச்சுறுத்துவதில்லை என்று தமக்கே விதிகள் வகுத்துக்கொண்டு வேலை செய்தவர். 2002ல் மறைந்தார். அவருடைய மூல ஓவியங்கள் இன்று அவோமோரி கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவரது படைப்பைக் கையடக்கமாக மறுபடி செதுக்கிய பொம்மைச் சிற்பிகள் எங்கே இருக்கிறார்கள்? பொம்மையின் உள்ளங்காலில் நிறுவனத்தின் பெயர் உண்டு, உரிமையாளரின் பெயர் உண்டு. செதுக்கியவர், உருவியெடுத்தவர், சாயம் ஏற்றியவர் பெயர்கள் இல்லை. 1966ல் இருபது வயதில் பட்டறைக்குள் நுழைந்தவருக்கு இன்று எண்பதாகிறது. ஒரு பொம்மைக்குக் கொட்டும் பணத்தில் சிறு பங்கை அவர்களுடைய நினைவுகளைப் பதிவுசெய்யச் செலவிட்டால், அதற்கு ஈடான சேகரிப்பு வேறெதுவும் இருக்காது. பொம்மை இன்னும் சில பத்தாண்டுகள் நிலைமாடத்தில் காத்திருக்கும். மனிதர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

‘அல்ட்ராமேன்’ தொடரில் 1966ல் ஒளிபரப்பான ஜமிலாவின் கதையை இங்கே சொல்லத் தோன்றுகிறது. தன் நாட்டால் வேற்றுக் கோளில் கைவிடப்பட்ட விண்வெளி வீரன் அவன். நீரற்ற அந்த நிலத்தில் பிழைத்திருந்து அரக்கனாக உருமாறிப் பூமிக்குத் திரும்புகிறான். அவனை நீராலேயே கொல்கிறார்கள். பிறகு அவனுக்கு ஒரு நினைவுக்கல் நாட்டுகிறார்கள். உயிரோடு இருந்தபோது அவனை மறந்தவர்கள், இறந்த பின் எழுத்துகளைப் பொறிக்கிறார்கள். குழந்தைகளுக்கான தொடர் என்ற பெயரில் இத்தகைய கதைகளைச் சொன்னவர்கள், பார்ப்பவர்களைக் குழந்தைகள் என்று குறைத்து மதிப்பிடவில்லை. அந்தக் குழந்தைகள்தான் பொம்மைகளின் காலடியில் தங்கள் பெயர்களை எழுதினார்கள்.

ஆகவே சேகரிக்கும் நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். காலில் பெயர் எழுதிய பொம்மை மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள். பெயரைத் துடைக்காதீர்கள். உங்கள் பட்டியலில் குறைகள் என்ற பத்தியிலிருந்து அதை எடுத்து, வரலாறு என்ற பத்தியில் சேருங்கள். விலை மாறுமா என்பது சந்தையின் கவலை.