மகாலிங்கமலைக்குப் போகிறவர்கள் சரக்கு மூட்டைகள் அல்ல

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து மகாலிங்கம் கோயில் கொண்ட சதுரகிரி மலைக்குப் போகும் ஏழை மக்கள் இன்றைக்கும் லோடு வண்டியில்தான் போகிறார்கள். இது ஊருக்கே தெரியும். சோதனைச் சாவடியில் நிற்கும் காவலருக்குத் தெரியும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரியும், மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரியும். தெரிந்தும் "அவர்களாக விரும்பி ஏறுகிறார்கள்" என்று சொல்லிக் கைகழுவும் அத்தனை பேரையும் இந்தத் தலையங்கம் கண்டிக்கிறது.

விரும்பியா ஏறுகிறார்கள்? அமாவாசைக்கு முந்தின இரவில் நரிக்குடிப் பக்கமோ பரளச்சிப் பக்கமோ ஒரு ஊர் மந்தைக்குப் போய்ப் பாருங்கள். பகலெல்லாம் மிளகாய் மூட்டையும் ஆட்டுக்குட்டியும் ஏற்றிய குட்டியானை வண்டி, தளத்தைக் கழுவி, வைக்கோலும் பழைய சாக்கும் விரித்து நிற்கும். முதலில் வயசாளிகளை முன்பக்கம் முதுகு சாய உட்காரவைப்பார்கள். நடுவில் பெண்கள், மடியில் பிள்ளைகள். ஓரத்தில் வாலிபர்கள் பின்கதவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு நிற்பார்கள். புளிச்சாதத் தூக்கும் தண்ணீர்க் கேனும் துணிப் பையும் இடுக்கில். மேலே தார்ப்பாய். உட்கார்ந்தவர் எழுந்து காலை நீட்ட இடமில்லாமல் சுமார் 100 கிலோமீட்டர் பயணம். விடிந்ததும் அதே கால்களோடு நாலைந்து மணி நேரம் மலையேற வேண்டும். விருப்பத்தால் யாரும் இப்படிப் போவதில்லை.

வேறு வழி என்ன இருக்கிறது? பேருந்தை நம்பினால் திருச்சுழிப் பக்கத்து ஊர்க்காரர் முதலில் அருப்புக்கோட்டைக்கு வரவேண்டும். அங்கிருந்து விருதுநகர், பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது கிருஷ்ணன்கோவில், அதன்பின் வத்திராயிருப்பு, கடைசியாக மலையடிவாரமான தாணிப்பாறை. ஒவ்வொரு நிலையத்திலும் மூட்டையை இறக்கி, ஏற்றி, அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் வனத்துறை அடிவாரத்துக் கேட்டை அடைப்பதற்குள் போய்ச் சேர்வோம் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

சிக்கலின் முடிச்சு அந்தக் கேட்டில்தான் இருக்கிறது. மலையேற அனுமதி காலை வேளையில் மட்டும். நேரம் கடந்து வந்தவரை மேலே விடமாட்டார்கள். மலைமேல் இரவு தங்கவும் கூடாது, ஏறியவர் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கியாக வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை நாம் குறை சொல்லவில்லை. 2015 மே மாதம் ஓடைகளில் திடீரென்று பாய்ந்து வந்த வெள்ளம் பக்தர்களின் உயிரைக் கொண்டுபோனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் என்று காக்கப்படும் காடு அது. அங்கே மனிதர்கள் வேளையறிந்து நடப்பதுதான் முறை. ஆனால் கேட்டு திறக்கும் நேரத்தைக் குறிக்கும் துறை ஒன்று, பேருந்து நேரத்தைக் குறிக்கும் துறை இன்னொன்று, கோயில் நடை நேரத்தைச் சொல்லும் துறை மூன்றாவது. இந்த மூன்று நேரங்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க ஒரு ஆள் இல்லை. பொருந்தாத அந்த இடைவெளியை நள்ளிரவில் லோடு வண்டி நிரப்புகிறது.

"அடிவாரம் விருதுநகர் மாவட்டம், மலைமேல் கோயில் மதுரை மாவட்டம்" என்றொரு சாக்கு அடிக்கடி காதில் விழுகிறது. மேலே நடப்பதற்கு அது பொருந்தலாம். மலையடிவாரம் வரைக்குமான பயணத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. நரிக்குடியும் விருதுநகர் மாவட்டம், திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் விருதுநகர் மாவட்டம், தாணிப்பாறையும் விருதுநகர் மாவட்டம். ஒரே ஆட்சியர். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கோட்டத்திலும் விருதுநகர் ஒரே மண்டலம். அருப்புக்கோட்டையில் பணிமனை இருக்கிறது. கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்கு ஒரு வண்டியை நேராக விட எந்த மாவட்ட எல்லையும் குறுக்கே நிற்கவில்லை.

ஆடி அமாவாசைக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுகிறோமே என்பார்கள். விடுகிறார்கள், மறுக்கவில்லை. அவை மதுரை, விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் பேருந்து நிலையங்களில் வரிசையாக நிற்கின்றன. நிலையத்தை நெருங்கியவருக்கு வசதிதான். நிலையத்துக்கு வந்து சேர்வதே பாதிப் பயணமாக இருக்கும் வானம்பார்த்த பூமிக்காரருக்கு அதனால் என்ன பயன்? ஊர் மந்தையில் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து நிற்கும் வண்டிதான் அவருக்கு வண்டி. அந்த நேரத்தில், அந்த இடத்துக்கு வருவது லோடு வண்டிக்காரர் மட்டுமே.

ஆடியோடு இந்தப் பயணம் முடிவதுமில்லை. மாதந்தோறும் அமாவாசையும் பௌர்ணமியும் வருகின்றன. பிரதோஷம் வருகிறது. மக்கள் எந்த நாளில் போவார்கள் என்பது பஞ்சாங்கத்தில் ஒரு வருஷத்துக்கு முன்பே அச்சாகிவிடுகிறது. இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே தெரிகிற கூட்டம் வேறெந்தத் தடத்தில் இருக்கிறது? கல்யாண முகூர்த்தத்துக்கும் பொங்கல் தீபாவளிக்கும் கணக்குப் போட்டு வண்டி ஒதுக்கத் தெரிந்த கழகத்துக்கு அமாவாசைக் கணக்கு தெரியாது என்றால் நாம் நம்பமாட்டோம்.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். சரக்கு வாகனத்தில் ஆள் ஏற்றினால் அது அனுமதிச் சீட்டை மீறிய குற்றம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 10,000 ரூபாய் அபராதம் உண்டு, சிறையும் உண்டு. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றும் ஓட்டுநரின் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடுமை நடுவழியில் வண்டியை மறித்து ஓட்டுநரிடம் அபராதச் சீட்டைக் கொடுப்பதோடு நின்றுவிட்டால் யாருக்கு லாபம்? சட்டப்படி அத்தனை பேரையும் இறக்கிவிட வேண்டும். இரவு மூன்று மணிக்குச் சாலையோரத்தில் இறக்கிவிடப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிப்போக மாற்று வண்டி யார் தருவது? தர வண்டி இல்லாதபோது சட்டத்தைப் பாதி அமல்படுத்துவதும் மீதிக்குக் கண்ணை மூடிக்கொள்வதும்தான் நடக்கும்.

இந்த வட்டார மக்களில் பலருக்குத் தெரியாத, தெரிந்தே ஆகவேண்டிய ஒன்று உண்டு. லோடு வண்டி கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் பணம் வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 147-ஆவது பிரிவு சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும்தான் காப்பு தருகிறது. வெறுமனே ஏறிப்போகிற பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2002-லேயே தீர்ப்பளித்துவிட்டது. சில வழக்குகளில் நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் இரக்கம் காட்டியதுண்டு. அந்த இரக்கத்துக்காகக் கோர்ட்டு வாசலில் எத்தனை வருஷம் நிற்பது? உரிமையாளர் யார்? பக்கத்து ஊர்ப் பையன். தவணைக்கு வண்டி எடுத்து, மாசக் கட்டைக் கட்ட முடியாமல் திணறுகிறவன். அவனிடம் எதை வசூலிப்பது? ஆகவே ஒரு விபத்து நடந்தால் செத்தவர் வீடும் ஓட்டியவர் வீடும் ஒருசேரத் தெருவுக்கு வரும். போகிற பஸ்ஸில் ஒருவருக்கு ஒன்று ஆனால் அரசு பொறுப்பு. அந்த பஸ்ஸை விடாமல் இருந்தால் பொறுப்பே இல்லை. இந்தக் கணக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காகவே தொடர்கிறதோ என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மலைக்குப் போகிறவர்கள் யார் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். கண்மாய்த் தண்ணீரையும் வானத்தையும் நம்பி மிளகாய், பருத்தி, சோளம், குதிரைவாலி போடுகிறவர்கள். அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். கூலிக்குக் களையெடுக்கும் பெண்கள். புரட்டாசி விதைப்புக்கு முன்னால் கையில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் ஆடியில், மழை வேண்டி மகாலிங்கத்தைப் பார்க்கப் போவது இங்கே தலைமுறைப் பழக்கம். பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறதே என்றால், அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு மட்டும். மாவட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிற புறநகர் வண்டியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பம் அந்தக் காசைக் கூட்டிப் பார்த்துவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று பேசும் லோடு வண்டிக்கே திரும்புகிறது.

இன்னொரு கொடுமை. மழை பெய்தாலோ, பெய்யும் என்று எச்சரிக்கை வந்தாலோ, காட்டுத்தீ பற்றினாலோ வனத்துறை மலையேறத் தடை போடும். போடவும் வேண்டும். ஆனால் அந்தத் தடை பல நேரங்களில் நரிக்குடிக்காரருக்குத் தாணிப்பாறைக் கேட்டில்தான் தெரிகிறது. இரவெல்லாம் குலுங்கி வந்து, கேட்டுக்கு வெளியே கற்பூரம் கொளுத்திவிட்டுத் திரும்புவது பக்தியின் சோதனை இல்லை, நிர்வாகத்தின் அலட்சியம். ஊராட்சிதோறும் ஒலிபெருக்கி இருக்கிறது, கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார். முந்தின நாள் சாயங்காலத்துக்குள் ஊர் ஊராகச் சொல்ல எது தடை?

ரயிலைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. மானாமதுரையிலிருந்து நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வழியாக விருதுநகருக்குப் போகும் பாதை 2013-ல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று தென்காசிப் பாதை தொடர்கிறது. சென்னையிலிருந்து வரும் சிலம்பு எக்ஸ்பிரஸ் இந்தத் தடத்தில்தான் அருப்புக்கோட்டை வழியாகச் செங்கோட்டைக்குப் போகிறது. அதாவது நமது கரிசல் காட்டையும் சதுரகிரிப் பக்கத்து ரயில் நிலையத்தையும் இணைக்கும் தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் மானாமதுரையில் நள்ளிரவு கிளம்பி விடிவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூரில் விடும் ஒரு சாதாரண பாசஞ்சர் வண்டி கேட்டு, மாவட்ட நிர்வாகம் மதுரை ரயில்வே கோட்டத்துக்கு எழுத வேண்டும். மக்களவை உறுப்பினர்கள் அதைக் கையில் எடுத்துப் பேச வேண்டும். திருச்சுழியில் பிறந்து, பின்னாளில் ரமணரான வெங்கட்ராமன் 1896-ல் அருணாசலத்தைத் தேடிப் போனபோது, காசு போதாமல் வழியில் ரயிலை விட்டிறங்கி நடந்தார், காதுக் கடுக்கனை அடகு வைத்தார். ரமணரின் ஊர்க்காரர்கள் 130 வருஷம் கழித்தும் ஒரு மலையைப் பார்க்க இந்தப் பாடு படவேண்டுமா?

பேருந்துக்கு நாம் கேட்பது மலையளவு அல்ல. அமாவாசை, பௌர்ணமி இரவுகளில் நரிக்குடி, வீரசோழன், திருச்சுழி, பரளச்சி, பந்தல்குடி ஆகிய ஊர்களிலிருந்து தாணிப்பாறைக்கு நேர் வண்டி வேண்டும். கேட்டு திறப்பதற்கு முன்பே அது அடிவாரத்தில் நிற்க வேண்டும். கடைசிப் பக்தர் இறங்கிய பிறகே திரும்பிக் கிளம்ப வேண்டும், ஏனென்றால் இறங்கி வருகிறவருக்கு அந்த நேரத்தில் நகர முடியாத கால்கள். ஒரு ஊரில் ஒரு வண்டி நிறைய ஆள் சேர்ந்தால் முன்பணக் கெடுபிடியில்லாமல், ஊராட்சி நிர்வாகத்தின் கையெழுத்தை ஏற்று, மந்தைக்கே வண்டி அனுப்ப வேண்டும். சாதாரணக் கட்டணம் மட்டுமே வாங்க வேண்டும், பெண்களுக்கு அன்றைக்கு இலவசமாகவே விட்டால் இன்னும் நல்லது. நஷ்டம் வரும் என்று எந்த அதிகாரியும் வாய் திறக்கக் கூடாது. லோடு வண்டிக்காரர் டீசல் போட்டு, தவணை கட்டி, லாபமும் பார்த்துக்கொண்டு ஓட்டும் தடம் இது.

வண்டி கொடுத்த பிறகு சட்டத்தைக் கடுமையாக அமல்படுத்துங்கள். அன்றைக்கு லோடு வண்டியில் ஆள் ஏற்றுகிறவர் யாராக இருந்தாலும் உரிமத்தைப் பிடுங்குங்கள், நாம் துணை நிற்போம்.

மாவட்ட ஆட்சியர் வனத்துறை, அறநிலையத்துறை, போக்குவரத்துக் கழகம், காவல்துறை நான்கையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, நேர அட்டவணையை எழுத்தில் வாங்கி, கிராமந்தோறும் ஒட்டட்டும். அந்த அட்டவணையின் அடியில் பொறுப்பான ஒரு அதிகாரியின் பதவியும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அடுத்த அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் முதல் வண்டி நரிக்குடியிலிருந்து கிளம்பியாக வேண்டும்.