பில்ச்சரின் புருவம்
தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி உயிர்கொடுத்த வேலூர் டாக்டர் பால் பிராண்டை நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லிமலையில் பிறந்து, 2003 ஜூலையில் அமெரிக்காவில் மறைந்தவர். ஜூலை வந்தால் எனக்கு அவர் எழுதிவைத்த ஒரு சங்கதிதான் நினைவுக்கு வரும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) வார்டில் ஒரு பயிற்சி மருத்துவர் கட்டிலருகே மண்டியிட்டு, போர்வைக்குள் கைவிட்டு நோயாளியின் வயிற்றில் வைத்தபடி விசாரித்துக்கொண்டிருக்கிறார். பிராண்டுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. உயர்ந்த அந்தப் புருவம், அந்தச் சிரிப்பு எல்லாமே லண்டனில் தனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் பில்ச்சருடையவை! பையனோ பில்ச்சரைப் பார்த்ததே இல்லை. அது உங்களுடைய முகபாவம்தான் என்று மாணவர்கள் சொன்ன பிறகே பிராண்டுக்கு விஷயம் பிடிபட்டது. பில்ச்சரிடம் கத்தி பிடிக்கக் கற்றதாக நினைத்திருந்தவர், முகத்தையும் சேர்த்தே வாங்கி வந்து, தன் மாணவருக்கும் கொடுத்திருக்கிறார். ஆசானின் நினைவு இப்படியும் நிலைக்கிறது. பெரிய டாக்டர் போய்விட்டால் நாம் சிலை வைக்கிறோம், கட்டடத்துக்குப் பெயர் சூட்டுகிறோம். செய்வோம், வேண்டாமென்பாரில்லை. ஆனால் இன்று ரவுண்ட்ஸ் வருகிற சீனியர்களில் எத்தனை பேர் ஸ்கேன் ரிப்போர்ட்டிலிருந்து கண்ணெடுத்து நோயாளியைப் பார்க்கிறார்கள்? பின்னால் நோட்டும் கையுமாக நிற்கிற பிள்ளைகள் அதையும்தானே கற்றுக்கொள்கிறார்கள்?