தண்ணீர் கொடுத்தல் குற்றமா?

தாகத்தால் தவிப்பவனுக்குத் தண்ணீர் கொடுப்பது எந்தச் சட்டத்திற் குற்றம்? 1994 முதல் அமெரிக்க அரசு எல்லை நகரங்களிற் காவலை இறுக்கி, மெக்சிக்கோ வழியாக வரும் ஏழைகளை அரிசோனாப் பாலைவனத்தை நோக்கித் தள்ளியது. வெயிலே வேலியாயிற்று, ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அங்கே தண்ணீர்க் கலன்களைச் சுமந்துசென்று வைப்பது 'இனிச் சாவு வேண்டாம்' என்னும் மக்கள் அமைப்பு. எல்லைக் காவலர் அக்கலன்களைக் கவிழ்க்கும் காட்சிகளை அது 2018 ஜனவரியில் வெளியிட்டது. அதே நாளில் அதன் தொண்டரான புவியியல் ஆசிரியர் ஒருவர், இருவருக்கு அடைக்கலம் கொடுத்தாரெனக் கைதானார். 2019 இல் ஜூரிமார் அக்குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தனர்.

உதவி செய்தால் மேலும் பலர் வருவார்களாம்! வறுமையும் வன்முறையும் துரத்த வருபவன் ஒரு கலன் தண்ணீரை நம்பியா ஊரைவிட்டுப் புறப்படுகிறான்? அவனுடைய உழைப்பு அந்நாட்டு வயல்களுக்கு வேண்டும். உயிர் மட்டும் வேண்டாமோ?

இத்தகைய அமைப்புக்களின் பணியைத் தருமமென்று புகழ்ந்து ஒதுக்கிவிட நாம் உடன்படோம். அஃது அநீதிக்கு எதிரான போராட்டம். ஆயினும் தண்ணீர்க் கலன்கள் மட்டும் சாவை நிறுத்திவிடா. பாலைவனத்தைக் கொலைக்கருவியாக்கிய கொள்கையே ஒழியவேண்டும். அதுவரை, நடுநிலை பேசி வாளாவிருப்போரும் அக்கொள்கையின் பக்கமே நிற்கின்றனர் என்போம்.