கையெழுத்துப் போட்ட நாள்

வயதானவர்கள் இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள்?

பழைய கதை பேசுவார்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போன 1964-ம் ஆண்டுப் புயலைப் பேசுவார்கள். ரேஷன் கடை வாசலில் அரிசிக்காகக் கால் கடுக்க நின்றதைப் பேசுவார்கள். மூத்த மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததையும், மகள் கல்யாணத்துக்கு வட்டிக்குப் பணம் வாங்கியதையும் பேசுவார்கள். எல்லாம் கஷ்டமான கதைதான். ஆனாலும் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும். "எப்படியோ சமாளித்துக் கரையேறிவிட்டோம்" என்ற நிம்மதி தெரியும்.

சில பேரிடம் மட்டும் பேச்சு ஓர் இடத்தில் வந்து நின்றுவிடும்.

"அன்றைக்கு மட்டும் நான் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால்..."

அப்புறம் பேச மாட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

அது எந்தக் கையெழுத்து?

குடியிருந்த வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்த கையெழுத்து.

மாறிப்போன கணக்கு

"அந்தக் காலத்தில் பிள்ளைகள் நல்லவர்கள், இந்தக் காலத்தில் கெட்டுப்போய்விட்டார்கள்" என்று சொல்வது சுலபம். அதை நான் முழுதாக நம்பவில்லை. அந்தக் காலத்திலும் பெற்றவர்களைத் தவிக்கவிட்ட பிள்ளைகள் இருந்தார்கள். மாறிப்போனது வேறு ஒன்று. அதுதான் ஆயுள்.

நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தில் நம் மக்களின் சராசரி ஆயுள் 32 வயது அளவில்தான் இருந்தது. இப்போது அது சுமார் 70. அதிலும் 60 வயதைத் தொட்டுவிட்டவர் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகள் போல வாழ்கிறார். 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் அதிகம். தமிழ்நாட்டில் 10 பேரில் ஒருவர் அந்த வயதுக்காரர்.

இது நல்ல சேதிதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

62 வயதில் ஒருவர் வீட்டை எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 வயது வரை இருக்கிறார். நடுவில் உள்ள 18 வருடமும் அவர் யார் வீட்டில் குடியிருக்கிறார்? தான் கட்டிய வீட்டில், மகனுடைய விருந்தாளியாக! விருந்தாளிக்கு முதல் வாரம் வாழை இலை. பதினெட்டாவது வருடம்?

ஏன் எழுதிக் கொடுக்கிறார்கள்?

யாரும் முட்டாள்தனமாக எழுதிக் கொடுப்பது இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கிறது.

மகன் மாடி கட்ட வேண்டும் என்பான். மனை தன் பெயரில் இருந்தால் பாங்கியில் கடன் கிடைக்கும் என்பான். அது நியாயமான பேச்சு. இன்னொரு வீட்டில், "எப்படி இருந்தாலும் எனக்குப் பிறகு அவனுக்குத்தானே" என்று தகப்பனாரே முன்வந்து எழுதுவார். பெற்ற மனம் பித்து.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் இந்துக் குடும்பங்களில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தரும் சட்டம் வந்தது. தான் சம்பாதித்த சொத்தோ ஒருவருடைய விருப்பப்படி போகும். எழுதி வைக்காமல் கண்ணை மூடினால் அதிலும் மகளுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு போய்விடக் கூடாது என்று அவசர அவசரமாக மகன் பெயருக்கு எழுதியவர்கள் பல பேர். பிற்பாடு அவர்களில் சிலருக்குச் சோறு போட்டது அந்த மகள்தான்!

உயிலும் செட்டில்மெண்டும்

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். படித்தவர்களே இதில் குழம்புகிறார்கள்.

சொத்தைக் கொடுக்க இரண்டு வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று உயில். இன்னொன்று செட்டில்மெண்ட் என்று எல்லோரும் சொல்லும் தானப் பத்திரம்.

உயில் எழுதியவரின் காலத்துக்குப் பிறகுதான் செல்லும். அவர் உயிரோடு இருக்கும் வரை சொத்து அவருடையது. மனம் மாறினால் உயிலை மாற்றி எழுதலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

செட்டில்மெண்ட் அப்படி இல்லை. அன்றைக்கே கொடுத்தது கொடுத்ததுதான். பத்திரத்தில் "உன் மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று அழகாக எழுதியிருக்கும். சார்பதிவாளர் முன்னால் கைரேகை வைத்து, சாட்சிகள் கையெழுத்துப் போட்டதும் வீடு கை மாறிவிடும். பிறகு பட்டா மாறும். வீட்டு வரி ரசீது மாறும். மின்சாரக் கார்டில் பெயர் மாறும். "எனக்கு இப்போது இஷ்டம் இல்லை" என்று சும்மா திரும்ப வாங்க முடியாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. செட்டில்மெண்ட் எழுதும்போதே, "என் ஆயுள் உள்ளவரை நான் இந்த வீட்டில் குடியிருந்து அனுபவிப்பேன். எனக்குச் சாப்பாடும் வைத்தியமும் இவர் கவனிக்க வேண்டும்" என்று எழுதிவிடலாம். இரண்டு மூன்று வரிதான். ஆனால் அதைக் கேட்கப் பெரியவர்களுக்குக் கூச்சம். "பெற்ற பிள்ளையிடமா நிபந்தனை போடுவது?" என்று விட்டுவிடுகிறார்கள்.

என் அப்பத்தாவுக்கு அந்தக் கூச்சம் இல்லை. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். இரண்டு மகன்கள். இருவரும் நல்லவர்கள், ஒருவர் என் தகப்பனார், வேறு எப்படிச் சொல்வேன்! வீட்டை எழுதித் தரும்படி கேட்டபோது அப்பத்தா உயில்தான் எழுதினார். வீட்டுச் சாவி 84 வயது வரை அவர் இடுப்பில் இருந்தது. சிறு வயதில் எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. காலேஜில் படிக்கும்போது ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் அப்பத்தா, உங்களுக்கு உங்க பிள்ளைங்க மேல நம்பிக்கை இல்லையா?"

"சாவி என்கிட்ட இருக்கிற வரைக்கும் என் பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க. அதைச் சோதிச்சுப் பார்க்க எனக்கு ஆசை இல்லைடா" என்றார்.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது என்ன?

சரி, எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மகன் கவனிக்கவில்லை. என்ன செய்வது?

முன்பு சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வழக்கு முடிவதற்குள் ஆள் முடிந்துவிடுவார். 2007-ல் பாராளுமன்றம் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் 23-வது பிரிவு முக்கியமானது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்திருந்தால், வாங்கியவர் கவனிக்காவிட்டால், பத்திரத்தை ரத்து செய்யலாம். ஆனால் சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

"நிபந்தனையோடு" என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லா வழக்கும் சிக்கிக்கொண்டது. பத்திரத்தில் நிபந்தனை இல்லையே என்று பிள்ளைகளின் வக்கீல்கள் கேட்டார்கள். நிபந்தனை இருந்தது என்பதைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு வழக்கில் சொன்னது.

அதன் பிறகு வந்தது மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கு. அவர் 1968-ல் வாங்கிய சொத்து. 2019-ல் மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். "கடைசி வரை கவனிப்பேன், தவறினால் சொத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்" என்று மகன் தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததாகத் தாய் சொன்னார். அந்தத் தாளே பொய் என்றார் மகன். அடுத்த வருடமே தாய் அதிகாரியிடம் போய் நின்றார். அதிகாரி தாய் பக்கம் தீர்ப்புச் சொன்னார். கலெக்டரும் சொன்னார். ஐகோர்ட்டில் ஒரு நீதிபதியும் சொன்னார். ஆனால் இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, தானப் பத்திரத்தில் நிபந்தனை இல்லை என்று மகன் பக்கம் தீர்ப்பை மாற்றிவிட்டது.

2025 ஜனவரி 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை மறுபடி மாற்றியது. இந்தச் சட்டம் முதியவர்களின் நன்மைக்காக வந்தது, அதை அந்த நோக்கத்தோடுதான் படிக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். தானப் பத்திரம் ரத்து. பிப்ரவரி 28-ந் தேதிக்குள் சொத்தைத் தாயிடம் ஒப்படைக்க உத்தரவு.

அதே ஆண்டு மார்ச்சு மாதம் சென்னை ஐகோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே போனது. "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று பத்திரத்தில் இருந்தால், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள்ளேயே இருப்பதாகத்தான் கொள்ள வேண்டும் என்றது.

அப்படியானால் நிபந்தனை எழுத வேண்டியது இல்லையா? எழுதத்தான் வேண்டும். மத்தியப் பிரதேசத் தாய் ஜெயிக்க நான்கு வருடம் ஆனது என்பதை மறக்கக் கூடாது. முதுமையில் நான்கு வருடம் என்பது சிறிய காலம் அல்ல.

எங்கே மனு கொடுப்பது?

தமிழ்நாட்டில் இந்த மனுக்களை விசாரிப்பவர் ஆர்.டி.ஓ. மனு கொடுக்க வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாதாந்தரச் செலவுப் பணமும் கேட்கலாம். சட்டம் வந்தபோது அதற்கு வைத்த உச்சவரம்பு மாதம் ரூ.10 ஆயிரம். மகன் மட்டும் அல்ல, மகளும், வயது வந்த பேரன் பேத்தியும் பொறுப்பாளிகள். பிள்ளை இல்லாதவர்களுக்கு அவர்கள் சொத்தை வைத்திருக்கும் உறவினர், அல்லது அது வாரிசாகப் போய்ச் சேரவேண்டிய உறவினர் பொறுப்பு. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து கேட்கலாம். காசு கிடையாது.

சர்க்கார் தரும் முதியோர் பென்ஷன் ஆதரவற்ற ஏழைகளுக்கு. 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது; 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. வீட்டை இழந்தவர் அதை வைத்துக்கொண்டு ஒரு அறைக்கு வாடகை கொடுத்துப் பார்க்கட்டும்.

மகன் பக்கத்திலும் நியாயம் இருக்கக் கூடும். இரண்டு அறை வீட்டில் ஆறு பேர். பள்ளிக்கூடக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் ஒரே சம்பளத்தில். மருமகளைத் துரத்துவதற்கே இந்தச் சட்டத்தைப் பயன்படுத்திய மாமனார் மாமியாரும் உண்டு. அப்படி ஒரு வழக்கில், புகுந்த வீட்டில் குடியிருக்கும் பெண்ணின் உரிமையை இந்தச் சட்டத்தைக் காட்டிப் பறித்துவிட முடியாது என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

ஒரு அம்மாளின் மனு

ஓர் ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலக வராந்தாவில் ஒரு அம்மாளைப் பார்த்தேன். 75 வயது இருக்கும். கையில் மஞ்சள் பை. அதில் பத்திர நகல். மூன்று மாதத்துக்கு முன்பே மனு எழுதிவிட்டாராம். கொடுக்க மனம் வரவில்லை.

"பெத்த பிள்ளை மேல கேஸ் போட்டவள்னு தெருவுல சொல்லுவாங்களேப்பா."

"அப்புறம் எப்படி வந்தீங்கம்மா?"

"மாடிப்படி ஏற முடியலே. கீழ் அறையைக் குடுடான்னு கேட்டேன். வாடகைக்கு விட்டாச்சுன்னுட்டான்."

வீட்டைத் திரும்ப வாங்க அவர் வரவில்லை. கீழ் அறை வேண்டும் என்றுதான் வந்திருந்தார்!

உள்ளே கூப்பிட்டார்கள். மகனும் வந்திருந்தார். முதலில் சமரசம் பேசிப் பார்ப்பதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆயிற்று. கீழ் அறை, மாதம் மூவாயிரம் ரூபாய், மருந்துச் செலவு தனி என்று எழுதி, மகன் கையெழுத்துப் போட்டார்.

அம்மாள் வெளியே வந்ததும் அந்தத் தாளை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "கீழ் அறைன்னு இருக்கா?" என்று மறுபடி கேட்டார். இருக்கிறது என்றேன். மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மகன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு நின்றார். அம்மாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.