சதுப்புக் காட்டில் ஒரு காலைப் பொழுது

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பெற்றோருக்கு ஒரு கவலை வந்துவிடுகிறது. பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? பேரங்காடிக்குப் போனால் பணம் தண்ணீராய்க் கரைகிறது. கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போனால் நுழைவுச் சீட்டுக்கே சம்பளத்தில் பாதி போய்விடும். வீட்டிலேயே விட்டுவிட்டாலோ கைத்தொலைபேசியே கதி என்று கிடக்கிறார்கள். அதிகச் செலவில்லாமல் கண்ணுக்கும் அறிவுக்கும் விருந்தாக ஓர் இடம் சொல்லுங்கள் என்று கேட்கும் பெற்றோருக்காக, இந்த மாதம் நான் நேரில் போய்ப் பார்த்துவந்த ஓர் இடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இடத்தின் பெயர் சுங்கை பூலோ. சிலாங்கூரில் பெரிய மருத்துவமனை இருக்கும் சுங்கை பூலோ அல்ல. இது சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில், ஜொகூர் நீரிணையை ஒட்டி இருக்கும் சதுப்புநிலக் காப்பகம். 'பூலோ' என்றால் மூங்கில். மூங்கில் ஆறு என்று பெயர் இருந்தாலும், அங்கே கண்ணில் படுவதெல்லாம் உப்புத் தண்ணீரில் வேர் ஊன்றி நிற்கும் அலையாத்தி மரங்கள்தான்.

என் தங்கை குடும்பம் புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறது. பழைய ஆட்கள் 'பத்தாவது மைல்' என்று சொல்வார்களே, அதே ஊர்தான். அந்தக் கம்பங்களும் கோழிப் பண்ணைகளும் போய், இன்று எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள். 1999-இல் வந்த இலகு ரயில் அந்த வீடுகளின் இடையே வளைந்து வளைந்து ஓடுகிறது. அங்கிருந்து காப்பகம் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர்தான். அப்படியிருந்தும் தங்கை வீட்டார் அதுவரை அங்கே போனதில்லை. பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல் இருப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே!

என் தகப்பனாரும் தங்கையோடுதான் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜொகூர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டு, லயத்தையும் உடைத்த பிறகு, மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். பதினோராவது மாடியில் சன்னலோர நாற்காலி ஒன்று அவருக்கு. பேரனுக்கு ஆங்கிலமும் தொலைபேசியும். தாத்தாவுக்குத் தமிழும் சன்னலும். இருவரும் ஒரே வீட்டில் இருந்தும் பேசிக்கொள்ள விஷயம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. வாசகர்களில் பலருடைய வீட்டிலும் இதே கதைதான் நடக்கிறது என்பதை நான் அறிவேன்.

சதுப்புநிலம் பார்க்கப் போகிறோம் என்றதும் மருமகன் துள்ளினான். "மாமா, அங்கே ஃபேன் படகு இருக்கா?" என்று கேட்டான். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்ற சதுப்பில் ஓடும் காற்றுவிசைப் படகைத் தொலைபேசியில் பார்த்திருக்கிறான்.

அது விந்தையான படகுதான். அடிப்பாகம் தாம்பாளம் போலத் தட்டை. சாதாரண விசைப்படகுக்கு விசிறி தண்ணீருக்குள் இருக்கும். இதற்கோ விமானத்துக்கு இருப்பதுபோன்ற பெரிய விசிறி, பின்பக்கம் கம்பிக்கூண்டுக்குள், தண்ணீருக்கு மேலே சுழலும். காற்றைப் பின்னால் தள்ளித் தள்ளியே படகு முன்னால் பாயும். புல் மண்டிய ஆழமில்லாத தண்ணீரில் மற்ற படகுகளின் விசிறி சிக்கிக்கொள்ளும். இது வழுக்கிக்கொண்டு போய்விடும். பிரேக் கிடையாது. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் குழுவினர் 1905-இலேயே கனடாவில் இப்படி ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறார்கள். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்பதற்கு இன்றும் அது கைகொடுக்கிறது. ஆனால் அதன் இரைச்சல் பொல்லாதது. ஏறுகிறவர்கள் காதை அடைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

சுங்கை பூலோவில் அந்தப் படகு இல்லை. மரப்பலகைப் பாதையில் நடந்துதான் பார்க்க வேண்டும். இதைச் சொன்னதும் பையனின் முகம் சுருங்கிப் போயிற்று.

அங்கே தேசியப் பூங்காக் கழகம் வழிகாட்டியோடு நடக்கும் நடைகளை ஏற்பாடு செய்கிறது. வழிகாட்டிகளில் பலர் ஊதியம் வாங்காத தொண்டர்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வு பெற்ற சீன மாது ஒருவர். புறப்படும் முன் இரண்டு கட்டளை போட்டார்: உரக்கப் பேசக் கூடாது, எதற்கும் தீனி போடக் கூடாது. அப்பாவைப் பார்த்ததும் ஆங்கிலத்தை விட்டுவிட்டுப் பசார் மலாய்க்கு மாறினார். அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம்! மார்க்கெட்டிலும் மண்டோரிடமும் ஆயுள் முழுதும் பேசிய மொழி அல்லவா?

முதலில் வேர்களைக் காட்டினார். சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால் சில மரங்கள் பென்சில் பென்சிலாக வேரை மேலே நீட்டி மூச்சு விடுகின்றன. பாக்காவ் மரமோ நாலாபுறமும் கால் ஊன்றி நிற்கிறது. அதன் விதை, தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, பிறகுதான் கீழே விழுகிறது. பிள்ளையை வளர்த்து ஆளாக்கி அனுப்பும் மரம் என்று தங்கை சொன்னாள். சேற்றில் துடுப்பையே காலாக ஊன்றித் துள்ளும் மீன்களைக் கண்டோம். பாதையின் குறுக்கே மெதுவாகப் போன பெரிய நீர் உடும்பைப் பார்த்ததும், "பியாவாக்!" என்றார் அப்பா.

பிறகு ஒரு மதகின் அருகே நின்றோம். அது எதற்கு என்று மாது விளக்கத் தொடங்கும் முன்பே, "இறால் பிடிக்கத்தானே?" என்றார் அப்பா. அதுதான் உண்மை. முன்பு அங்கே இறால் குளங்கள் இருந்தன. கடல் ஏறும்போது மதகைத் திறந்தால் இறால் உள்ளே வரும். வற்றும்போது வலை கட்டிப் பிடிப்பார்கள். இன்று அதே மதகுகளால் குளத்து நீரை ஏற்றி இறக்குகிறார்கள், இறாலுக்காக அல்ல, பறவைகளுக்காக. கடல் ஏறி வெளிச்சேறு மூழ்கும் நேரத்தில், வலசை வரும் பறவைகள் நிற்க இடம் வேண்டுமே!

1986-இல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள், கைவிடப்பட்டுக் கிடந்த இந்தக் குளங்களில் கூட்டங்கூட்டமாகப் பறவைகள் இறங்குவதைக் கண்டார்கள். இதைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதினார்கள். வெறுமனே கூச்சல் போடவில்லை. கணக்கெடுத்து, காரணம் காட்டிக் கேட்டார்கள். அரசும் செவிசாய்த்தது. 1993 டிசம்பர் 6-ஆம் தேதி, அப்போதைய பிரதமர் கோ சோக் தோங் அதை 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாகத் திறந்து வைத்தார். 2002-இல் 130 ஹெக்டர் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காப்பகமாயிற்று. நம் தோட்டத்துக் கணக்கில் ஏறக்குறைய 320 ஏக்கர். 2003-இல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற பெயரும் கிடைத்தது. ஒரு காலத்தில் சிங்கப்பூரின் கரையோரம் முழுதும் இருந்த அலையாத்திக் காட்டில் இன்று பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்று எண்ணிப் பார்த்தால், இந்த 320 ஏக்கரின் அருமை புரியும்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை அங்கே விருந்தாளிகள் காலம். சைபீரியா, சீனா போன்ற குளிர்நாடுகளிலிருந்து உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் வருகின்றன. சில அங்கேயே தங்கும். சில இளைப்பாறிவிட்டு ஆஸ்திரேலியா வரை போகும். கைக்குள் அடங்கும் பறவைக்கு இத்தனை தூரம் எப்படி முடிகிறது? உடம்பில் சேர்த்த கொழுப்புதான் அதற்குப் பெட்ரோல். சுங்கை பூலோவில் பிடித்துச் சிறு கருவி கட்டிவிட்ட சிவப்புக்கால் உள்ளான்கள் சில, இமயமலையையே தாண்டித் திபெத் பீடபூமிக்குப் போயிருக்கின்றன. 2022-இல் பட்டைவால் மூக்கன் என்ற இனத்தைச் சேர்ந்த ஓர் இளம் பறவை, அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்தது. அதற்குச் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை, தூக்கமும் அரைகுறை.

இப்போது அந்த ஃபேன் படகை நினைத்துப் பாருங்கள். சேற்றில் புழு பொறுக்கிக்கொண்டிருக்கும் பறவை, இரைச்சல் கேட்டதும் எழும்பிப் பறக்கிறது. சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் எரிந்து போகிறது. தின்ன வேண்டிய நேரமும் போகிறது. ஒருமுறை என்றால் பரவாயில்லை. நாள் முழுதும் விரட்டினால், புறப்படும் நாளில் பெட்ரோல் போதாது. பாதிக் கடலில் இறங்குவதற்கு அதற்கு ஓர் இடமும் கிடையாது. மெதுவாக நடந்து, மறைவுக் குடிசையின் துவாரம் வழியே பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். மாது இதை விளக்கியபோது, மருமகன் தன் தொலைபேசியின் ஒலியைத் தானாகவே நிறுத்திவிட்டான். அதன் பிறகு அவன் படகைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆற்றுப் பாலத்தின் மேல் ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. முதலை இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் தூரத்தையே பார்த்தார்கள். பெரிய கேமரா வைத்திருந்தவருக்கும் அகப்படவில்லை. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். "தம்பி, அந்தக் கட்டைக்குக் கண்ணு இருக்கு பாரு" என்று பேரனிடம் மெல்லச் சொன்னார். பார்த்தால், வேர்களின் நிழலில் அசையாமல் கிடந்தது உவர்நீர் முதலை! பையன் வழிகாட்டிக்கு ஆங்கிலத்தில் சொல்ல, அவர் கூட்டத்துக்குச் சொல்ல, அத்தனை பேரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. விடியுமுன் இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, வேரோரத்தில் பாம்பு கிடக்கிறதா, மங்கில் தேள் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வேலை செய்த கண் அது. முப்பது ஆண்டுப் பயிற்சி. எந்தப் பள்ளிக்கூடமும் அதற்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பையன் தாத்தாவின் கையை விடவில்லை. "தாத்தா, இது என்ன? தாத்தா, அது என்ன?" நீப்பா மரத்தைக் காட்டி, அதன் ஓலைதான் அத்தாப்புக் கூரை என்றும், ஐஸ் கச்சாங்கில் போடும் வழவழப்பான விதை அதன் காய்தான் என்றும் தாத்தா சொன்னார். பேரன் ஆங்கிலத்தில் பெயர்த்தான். மாது தலையாட்டி ஆமோதித்தார்.

எனக்கும் அன்று ஒரு செய்தி கிடைத்தது. மலாயில் 'பூத்தா பூத்தா' என்று ஒரு மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகுமாம்; பெயரே 'குருடு' என்றுதான். அது வேறொன்றுமில்லை, நம் தில்லை மரம்! சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தலமரம். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இன்றும் நிறைய நிற்கிறது. நடராசர் கோயிலின் மரம் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது பிச்சாவரத்துக் காட்டின் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவாக இருந்தது. அலையை ஆற்றுவதால்தான் அலையாத்தி என்று முன்னோர் பெயர் வைத்தார்கள் போலும்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். நுழைவுக் கட்டணம் இல்லை. கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து 925-ஆம் எண் பேருந்து அந்தப் பக்கம் போகிறது. வழிகாட்டி நடைக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். அருகிலேயே 2016-இல் திறக்கப்பட்ட கிராஞ்சி சதுப்புநிலமும் உண்டு. அதன் உட்பகுதிக்கு வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், கொசு மருந்து, முழுக்கால் சட்டை அவசியம். பசியாறிவிட்டுப் போங்கள். பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள். முதலை உண்மையானது, பொம்மை அல்ல.

பாஸ்போர்ட் செலவு கட்டுபடியாகாத ஜொகூர்த் தோட்டத்து அன்பர்கள் தஞ்சோங் பியாய்க்குப் போகலாம். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை அது. அலையாத்திக் காடு சூழ்ந்தது. சிலாங்கூர்க்காரர்களுக்குக் கோலசிலாங்கூரில் கம்போங் குவாந்தான் இருக்கிறது. அங்கே இரவில் மின்மினி பார்க்கக் கைத்துடுப்புப் படகில் அழைத்துப் போகிறார்கள். இயந்திரம் இல்லை, இரைச்சல் இல்லை. படகு ஆசையும் தீரும், பூச்சிக்கும் கெடுதல் இல்லை.

எங்கே போனாலும் வீட்டுப் பெரியவர்களையும் உடன் அழைத்துப் போங்கள். 'அவருக்கு முழங்கால் வலி, வீட்டிலேயே இருக்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். மெதுவாக நடக்கிறவரோடு நடந்தால்தான் சதுப்புக் காடு தன்னைக் காட்டும். நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் 'அலையாத்தி' என்ற சொல்லை மனப்பாடம் செய்கிறார்கள். அதைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, பெயர் சொல்லக்கூடியவர் அவர்கள் வீட்டுச் சன்னலோரத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அடுத்த விடுமுறைக்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.